முழங்கையில் தொடங்கும் மூன்று நோய்கள்

குழந்தையின் முழங்கையிலும் முழங்காலிலும் தோல் தடித்து, தொட்டால் சொரசொரத்து, தேய்த்தால் தவிடுபோல் உதிர்வதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். உணவில் சத்துக் குறைவதால் வரும் தேரைத்தோல் ஒன்று. சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று குறிப்பிடும் சோரியாசிஸ் இன்னொன்று. பெரும்பாலான மருத்துவர்கள் தம் பணிக்காலத்தில் ஒரு சில முறையே காணக்கூடிய ‘பிட்டிரியாசிஸ் ரூப்ரா பைலாரிஸ்’ மூன்றாவது. முதலாவது, சத்துணவு கிடைத்தால் மறைந்துவிடும். இரண்டாவது, வாழ்நாள் முழுவதும் கூடியும் குறைந்தும் வந்துகொண்டிருக்கும். மூன்றாவதன் சில வகைகள் சில ஆண்டுகளில் தாமாகவே அடங்கிவிட, வேறு சில குழந்தைப் பருவத்தில் தொடங்கி முதுமை வரை உடன்வருகின்றன. தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும் இம்மூன்றையும் பிரித்தறிவதில்தான் அந்தக் குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை காலம், எந்த அளவு அச்சம் என்பவை அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

மூன்றாவது நோயின் நீண்ட பெயர் அதன் தோற்றத்தின் விவரிப்பே ஆகும். கிரேக்க மொழியில் தவிட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘பிட்டிரியாசிஸ்’ வந்தது. ‘ரூப்ரா’ என்பது சிவப்பையும் ‘பைலாரிஸ்’ என்பது முடியைச் சார்ந்த தன்மையையும் குறிக்கும் இலத்தீன் சொற்கள். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவந்து, தவிட்டுச் செதில் உதிர்க்கும் நோய் என்பதே அதன் பொருள். 1828இல் குளோடியஸ் டாரல் விவரித்த நோயாளியின் குறிப்பு 1835இல் பிரெஞ்சு மருத்துவர் ரேயரின் நூலில் வெளிவந்தது. 1856இல் தெவெர்ஜி இதைத் தனி நோயாக விவரித்தார். இன்றைய பெயரை 1889இல் பெஸ்னியே வழங்கினார். பெயரிடவே ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பிடித்திருக்கிறது என்பதைக் கவனித்தால், இதைச் சோரியாசிஸிலிருந்து பிரித்துப் பார்ப்பது அக்காலத்தின் கூர்மையான கண்களுக்குக்கூட எளிதாக இருக்கவில்லை என்பது விளங்கும். சுருக்கம் கருதி, இனி இதனைப் பி.ஆர்.பி. என்றே குறிப்பிடலாம்.

1980இல் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ் தோல் மருத்துவர் இந்நோயை ஐந்து வகைகளாகப் பிரித்தார். அப்பகுப்பே இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. முதல் இரண்டும் பெரியவர்களுக்கு உரியவை, மற்ற மூன்றும் குழந்தைகளுக்கு உரியவை. மூன்றாம் வகை, பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுக்குள் தலையிலும் முகத்திலும் தொடங்கி உடல் முழுவதும் பரவினாலும், பல குழந்தைகளில் மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. நான்காம் வகை முழங்கைகளோடும் முழங்கால்களோடும் நின்றுவிடும். அது எப்போது மறையும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஐந்தாம் வகை பிறப்பிலோ முதல் சில ஆண்டுகளிலோ தோன்றி நீடித்திருக்கும். குடும்பத்தில் தொடரும் பி.ஆர்.பி.யில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. கிரிஃபித்ஸின் கணக்கில், மொத்த நோயாளிகளில் நான்காம் வகை ஏறக்குறைய 25 சதவீதம், மூன்றாம் வகை 10 சதவீதம், ஐந்தாம் வகை 5 சதவீதம். ஆக, நோயுற்ற குழந்தைகளில் பெரும்பாலோரிடம் முழங்கையும் முழங்காலுமே நோயின் முழு இருப்பிடமாக அமைந்துவிடுகின்றன. தேரைத்தோலும் சோரியாசிஸும் விரும்பித் தங்கும் இடங்களும் அவையே என்பதால் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

தோல் புதிதாகக் கெட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பிரிட்டனில் ஐயாயிரத்தில் ஒருவருக்கும் இந்தியாவில் ஐம்பதாயிரத்தில் ஒருவருக்கும் பி.ஆர்.பி. இருப்பதாக மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. இரு நாடுகளின் மருத்துவமனைக் கூட்டம் ஒன்றல்ல. சிரங்கும் படர்தாமரையும் நிறைந்த இந்தியப் புறநோயாளிப் பிரிவில் எந்த அரிய நோயின் விகிதமும் சிறுத்தே தெரியும். ஆயினும், பத்து மடங்கு வேறுபாடு முழுவதையும் அக்காரணம் ஒன்றே விளக்கிவிடாது. தேடப்படாத நோய் அரிதாகவே தோன்றும் என்ற ஐயம் இந்த எண்களைப் படிக்கும் எவருக்கும் எழ வேண்டும்.

அந்நோயை அறிய முதலில் தேவைப்படுவது கண். மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் கெரட்டின் என்ற கடினப் புரதம் அடைத்துக்கொண்டு முள்போல் எழுவதால், தோலைத் தடவினால் ஜாதிக்காய் துருவும் பலகையைத் தொட்டது போலிருக்கும். விரல்களின் புறப்பக்கத்தில், கணுக்களுக்கு இடையே இத்தகைய முட்கள் தென்படுவது வலுவான அடையாளம். நோய் பரந்த இடங்களின் நடுவே தீவுகள்போல் நலமான தோல் தப்பி நிற்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் மெழுகு பூசியதுபோல் தடித்து, காலணி அணிந்ததைப் போன்ற விளிம்போடு காணப்படும். சோரியாசிஸிலோ செதில் வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காக இருக்கும். நகங்களில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் விழும். பி.ஆர்.பி.யில் நகம் தடிக்குமே தவிர, அத்தகைய குழிகள் பொதுவாக இருப்பதில்லை.

இவ்வடையாளங்கள் எழுதப்பட்ட நாட்டின் தோல் வேறு, அவை தேடப்படும் நாட்டின் தோல் வேறு என்பது பாடநூல்களில் போதிய அளவு பேசப்படாத செய்தி. சால்மன் மீனின் நிறத்தை ஒத்த சிவப்பு என்று மேலைநாட்டு நூல்கள் வருணிப்பது வெள்ளைத் தோலில் தெரிகிற நிறம். தெலுங்கு, தமிழ்க் குழந்தைகளின் பழுப்புத் தோலில் அழற்சி, அதாவது உடலின் தற்காப்பு அணுக்கள் ஓரிடத்தில் குவிந்து உண்டாக்கும் சிவத்தலும் வீக்கமும், கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் படிந்த கருமையாகவோதான் வெளிப்படும். நோய் தணிந்த இடம் பல மாதங்களுக்குக் கறுத்தோ வெளுத்தோ கிடக்கும். வெளுத்த இடத்தைக் கண்டு தொழுநோயோ என்று பெற்றோர் நடுங்குவதும் உண்டு. ஆகவே, நிறத்தை நம்பாமல், விரலால் தடவி முட்களை உணர்ந்தும், பகல் வெளிச்சத்தில் ஆடை களைந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தும் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் குழந்தை நீட்டிய முழங்கையை மட்டும் பார்த்து மருந்து எழுதும்போது, பாதத்தில் இருந்த விடை காலணிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

தேரைத்தோலின் வரலாறு ஹைதராபாத்துடன் நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல் அதற்குத் தேரையின் தோலைக் குறிக்கும் கிரேக்கப் பெயரைச் சூட்டி, வைட்டமின் குறைபாடே அதற்குக் காரணம் என்று எழுதினார். நீலகிரியின் கூனூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இச்சிக்கலை விடாமல் ஆராய்ந்தது. சேலத்தில் பிறந்து, பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்த சி. கோபாலன் 1940களில் இதில் உழைத்தவர்களுள் ஒருவர். அந்த ஆய்வுக்கூடம் 1950களின் இறுதியில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது; தார்நாக்காவில் இன்றும் இயங்கும் அந்நிறுவனத்தின் ஆய்வுகள், வைட்டமின் ஏ குறைபாடு மட்டுமன்றி, உடல் தானே உற்பத்தி செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்களின் பற்றாக்குறையும் தேரைத்தோலுக்குக் காரணமாகலாம் என்பதைக் காட்டின. குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கரைசல் புகட்டும் தேசியத் திட்டம் 1970இல் உருவானதற்கும் இந்நிறுவனத்தின் ஆய்வே அடிப்படை.

இந்தப் பெருமைமிக்க வரலாற்றுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. சொரசொரத்த முழங்கையைக் கண்டதும் சத்துக்குறைவு என்று முடிவுகட்டி, வைட்டமின் சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்புவது இந்திய மருத்துவத்தில் ஒரு பழக்கமாக வேரூன்றிவிட்டது. பெரும்பாலான குழந்தைகளில் அம்முடிவு சரியாகவும் இருக்கும். அதனால்தான் தவறும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பி.ஆர்.பி.க்கும் ஒரு காலத்தில் பெரும் அளவில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது, இன்று அதற்குத் தரப்படும் அசிட்ரெட்டின் என்ற மருந்தும் அந்த வைட்டமினின் வழித்தோன்றல் என்பதால் குழப்பம் மேலும் முறுகுகிறது. வைட்டமின் ஏ அளவு மீறினால் கல்லீரலையும் எலும்பையும் கெடுக்கும். சத்துணவும் மருந்தும் முறையாகக் கொடுத்துச் சில வாரங்களில் தோல் மாறத் தொடங்காவிட்டால் நோயின் பெயரையே மறுபடி கேள்விக்கு உள்ளாக்க வேண்டும் என்பது எளிய விதி; அளவைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்தான வழி.

கண்ணுக்கு அடுத்து நுண்ணோக்கி. மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு துண்டைத் தோலிலிருந்து எடுத்துப் பார்ப்பதே திசுப் பரிசோதனை. பி.ஆர்.பி.யில் மேல்தோலின் வெளிப்புற அடுக்கான கொம்படுக்கு, உட்கருவை இழந்த செல்களும் இழக்காத செல்களும் மாறி மாறி அமைந்து, குறுக்கும் நெடுக்குமாகச் சதுரங்கப் பலகைபோல் தோன்றும்; மயிர்க்கால் வாயில் கெரட்டின் அடைத்திருக்கும். சோரியாசிஸில் வெள்ளையணுக்கள் கொம்படுக்குக்குள் ஏறிச் சிறு சீழ்க்கூடுகளை உண்டாக்கியிருக்கும். ஆனால், இவ்வேறுபாடுகள் எல்லாத் துண்டிலும் எல்லா நாளிலும் தெரிவதில்லை. துண்டு எடுத்த இடம் தவறினாலோ, நோய் இளமையாக இருந்தாலோ, முந்தைய வாரம்வரை ஸ்டீராய்டு களிம்பு பூசப்பட்டிருந்தாலோ ‘சோரியாசிஸை ஒத்த அழற்சி’ என்ற பொதுவான சொற்றொடரே அறிக்கையில் வரும். அந்த அறிக்கையை இறுதித் தீர்ப்பாகக் கொள்வது பெற்றோரின் தவறன்று. அது ஒரு நாளின் காட்சி மட்டுமே என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது துண்டு, சில வேளைகளில் மூன்றாவது துண்டுகூடத் தேவைப்படும். நோயின் கால அளவு, தொடங்கிய இடம், பூசிய களிம்புகள், மருத்துவரின் ஐயம் ஆகியவற்றைப் பரிசோதனைச் சீட்டில் எழுதாமல் துண்டை மட்டும் அனுப்புவது, பாதி விவரத்தை மறைத்துவிட்டு முழு விடையைக் கேட்பதற்குச் சமம்.

2012இல் மூன்றாவது கருவி ஒன்று சேர்ந்தது. குடும்பத்தில் தொடரும் பி.ஆர்.பி.க்குக் கார்டு14 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் காரணமாகலாம் என்று அவ்வாண்டில் கண்டறியப்பட்டது. தோல் செல்களில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையை அந்த மரபணு ஆள்கிறது, மாற்றம் நேர்ந்தால் அச்சமிக்ஞை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதே ஆண்டில், அதே மரபணு சில குடும்பங்களின் சோரியாசிஸுக்கும் காரணம் என்பது தெரியவந்தது. இரண்டையும் பிரிக்கக் கோடு தேடிக்கொண்டிருந்த மருத்துவத்துக்கு, சில குழந்தைகளில் அக்கோடே இல்லை என்ற விடை கிடைத்தது. இவ்வகைக் குழந்தைகளுக்குப் பழைய களிம்புகளும் மாத்திரைகளும் பெரிதும் உதவாதபோது, அழற்சியின் குறிப்பிட்ட புரதத்தைத் தடுக்கும் உஸ்டெகினுமாப் போன்ற ஊசி மருந்துகள் பலனளித்ததாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

இங்கே தென்னிந்திய மருத்துவர்களின் வழக்கமான ஒரு கேள்வியைக் குறித்தும் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பிறவியிலோ இளமையிலோ தோல் நோய் கண்டால், பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்று கேட்பது வழக்கம். மீன்செதில் நோய் எனப்படும் இக்தியோசிஸின் பல வகைகளைத் தேட அது மிகப் பொருத்தமான கேள்வி. ஏனெனில், அவற்றில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தாக வேண்டும். கார்டு14 மாற்றமோ ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். யாரிடமிருந்தும் வராமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றவும் கூடும். எனவே, “அத்தை மகனா, தாய்மாமனா?” என்ற கேள்வியோடு, “அப்பாவுக்கோ பாட்டிக்கோ உள்ளங்கால் வெடித்துத் தடித்திருந்ததா, முழங்கை எப்போதாவது சொரசொரத்திருந்ததா?” என்ற கேள்வியும் சேர வேண்டும். வெடித்த பாதத்தை வயலின் குற்றம் என்று எண்ணி வாழ்ந்துவிட்ட முதியவரின் காலில் பேரக்குழந்தையின் நோய்க்கு விடை இருக்கக்கூடும்.

இத்தனை நுட்பங்களுக்கும் முன்பாக ஒரு தடை இருக்கிறது. அது மருந்துக் கடையின் முகப்பில் இருக்கிறது. வீரியமிக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, நுண்ணுயிர்க் கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த கலவைக் களிம்புகள் எந்தப் படைக்கும் எந்தச் சொறிக்கும் பொதுமருந்தாக இந்தியா முழுவதும் விற்பனையாகின்றன. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்றவை பூசிய சில நாட்களில் சிவப்பைத் தணித்துவிடுவதால் நோய் குணமாகிவிட்டதாகத் தோன்றும். நிறுத்தினால் முன்னிலும் வேகமாகத் திரும்பும், படர்தாமரையாக இருந்தால் உருமாறிப் பரவும், சோரியாசிஸாக இருந்தால் சீழ்க்கொப்புளங்களாக வெடிக்கவும் கூடும், பி.ஆர்.பி.யாக இருந்தால் பயன் சொற்பமாக, அடையாளங்கள் மட்டும் கலைந்துபோகும். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். ஆகவே மருந்தும் அதிகமாக உட்புகுந்து வளர்ச்சியையே தாக்க முடியும். இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் தொடர் வற்புறுத்தலுக்குப் பிறகு, 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச்-இன்கீழ் கொண்டுவந்தது. சட்டம் வந்தது நல்லது. முகப்பில் கைநீட்டிக் கேட்பவருக்குக் களிம்பு கிடைப்பது இன்னும் நிற்கவில்லை.

ஹைதராபாத்தின் வடபகுதியில், செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டிய போவன்பள்ளியை எடுத்துக்கொண்டால், நோயைச் சரியாக அறிவதில் உள்ள பற்றாக்குறையின் உண்மையான இயல்பு தெரியும். பெரிய காய்கறிச் சந்தையைக் கொண்ட அப்பகுதியில் மூட்டை சுமப்பவர்களின், சிறுவணிகர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. அறிவுசார் குறைபாடுள்ளோருக்காக 1984இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனமும் போவன்பள்ளியின் மனோவிகாஸ் நகரில்தான் இருக்கிறது. குறைபாட்டைச் சிறுவயதிலேயே கண்டறிந்து தலையிட வேண்டும் என்ற கொள்கைக்கு நாட்டளவில் வழிகாட்டிய நிறுவனம் அது. ஹைதராபாத் நகரின் எல்லைக்குள்ளேயே, ரெட் ஹில்ஸில் நிலூஃபர் குழந்தைகள் மருத்துவமனையும், பஞ்சகுட்டாவில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனமும், உப்பலில் மரபணு ஆய்வுக்கும் நோய் அறிதலுக்குமான மையமும் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த எட்டுச் சிறப்பு மையங்களுள், உப்பல் மையமும் நிஜாம் நிறுவனமும் இணைந்த ஹைதராபாத் மையமும் ஒன்று. கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் மரபணுச் சோதனைக்கும் இந்நகரில் குறைவில்லை. போவன்பள்ளிச் சந்தையிலிருந்து அங்கே செல்லும் வழிதான் வரையப்படவில்லை.

அந்த வழியின் தொடக்கப் புள்ளிகள் ஏற்கெனவே உள்ளன. 2018 முதல் ஹைதராபாத்தின் குடியிருப்புகளில் திறக்கப்பட்டுவரும் பஸ்தி தவாகானா என்னும் சிறு மருத்துவ நிலையங்கள் மருந்துக் கடைக்கு மாற்றான முதல் வாசலாக முடியும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று ஏறத்தாழ முப்பது வகை நோய்களுக்காகக் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அப்பட்டியலில் தோலுக்கு ஒரு வரி உண்டு. அவ்வரியில் சிரங்கு, பூஞ்சைத் தொற்று, கரப்பான் ஆகிய மூன்று பெயர்களே உள்ளன. ‘சிகிச்சை பெற்றும் ஆறு வாரங்களில் மாறாத தோல் நோய்’ என்ற நான்காவது கட்டத்தைச் சேர்க்க, புதிய கருவியோ புதிய பதவியோ தேவையில்லை. எந்த அரிய நோயின் பெயரையும் செவிலியர் அறிந்திருக்க வேண்டியதில்லை. மாறவில்லை என்று குறித்து, படமெடுத்து, தோல் மருத்துவருக்கு அனுப்பினால் போதும்.

பணத்தின் பக்கமும் இருள்தான். அரிய நோய்க் கொள்கையின்கீழ் 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம்; அது பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டுமே உரியது, பி.ஆர்.பி. அப்பட்டியலில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களும் அமில வீச்சுக்கு ஆளானவர்களும் இடம்பெற்றிருப்பது நியாயமே. உள்ளங்கால் வெடித்து நடக்கவும், விரல் மடக்கிப் பென்சில் பிடிக்கவும் இயலாத குழந்தைக்கு அதே நியாயம் ஏன் எட்டவில்லை என்ற கேள்விக்கு விடை சொல்லப்படவில்லை. தொற்றாத நோயைத் தொற்று என்று அஞ்சி வகுப்பின் மூலையில் தனியே அமர்த்தப்படும் குழந்தைக்குப் பள்ளியில் காட்ட ஒரு சான்றிதழ்கூடக் கிடைப்பது கடினம்.

சரியான பெயர் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு அசிட்ரெட்டின் ஒன்றே போதிய சான்று. அது கருவைக் கடுமையாகச் சிதைக்கக்கூடிய மருந்து. நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது என்பது விதி. ஒன்பது வயதுச் சிறுமிக்கு இம்மருந்தை எழுதும் முடிவு, அவளுடைய இருபதாவது வயதையும் எண்ணிப் பார்த்து எடுக்கப்பட வேண்டியது. முழங்கையோடு நிற்கும் நான்காம் வகையாக இருந்தால் ஈரப்பசைக் களிம்பும் பொறுமையுமே போதுமாக இருக்கலாம். உடலின் 90 சதவீதத்துக்கு மேல் சிவந்து உரியும் நிலை வந்துவிட்டால், நீரும் புரதமும் வெப்பமும் இழந்து உயிருக்கே ஆபத்து நேரும். அப்போது தயங்குவது தவறாகும். எது எந்த நிலை என்பதைப் பெயரும் வகையும் தெரிந்தால்தான் நிதானிக்க முடியும்.

தெலங்கானா அரசும் தமிழக அரசும் பள்ளிப் பரிசோதனை அட்டையில் அந்த நான்காவது கட்டத்தை வரும் கல்வியாண்டிலேயே சேர்க்க வேண்டும். அதற்காகக் காத்திராமல் பெற்றோரால் ஆகக்கூடியதும் உண்டு: குழந்தையின் தோலில் புதிதாகச் சொரசொரப்புத் தென்பட்டால், கடையில் களிம்பு வாங்குவதற்கு முன்பு, முழங்கை, முழங்கால், உள்ளங்கை, உள்ளங்கால் நான்கையும் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் பார்க்க மறந்தால், பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.